சிந்து நதிப் பாகப்பிரிவினை – ஒரு வியாபாரியின் கணக்கு



2025 ஏப்ரல் கடைசியில் நம் கடைகளில் அரிசி, பருப்பு விலைக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்ட சங்கதி சிந்து நதிதான். "பாகிஸ்தானுக்குத் தண்ணீரை அடைத்துவிட்டார்களாமே, இனி அவர்கள் வாய்க்கால் எல்லாம் காய்ந்துவிடும் அல்லவா?" என்று சரக்கு எடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். சங்கத்து நண்பர்கள் சிலர், இதை விவரமாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதுகிறேன். நான் பொறியாளன் அல்ல. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கிட்டங்கிக்கு வந்தவன். ஆனாலும் இந்த சிந்து நதி ஒப்பந்தம் என்பது, கூர்ந்து பார்த்தால், ஒரு கூட்டு வியாபாரத்தைப் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம்தான். அந்த வகையில் நம்மைப் போன்றவர்களுக்கு அது புரியாத விஷயமே அல்ல.

முதலில் ஆறுகளைச் சொல்லிவிடுகிறேன். சிந்து, திபெத்தில் கயிலாய மலைப் பக்கம் பிறந்து நம் லடாக் வழியாக ஓடி, பாகிஸ்தானுக்குள் புகுந்து, கராச்சிக்குத் தென்கிழக்கே அரபிக் கடலில் சேருகிறது. ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் என்ற ஐந்தும் அதன் கிளை ஆறுகள். ஜீலம் காஷ்மீரில் பிறக்கிறது. செனாப், ராவி, பியாஸ் மூன்றும் இமாசலப் பிரதேசத்து மலைகளில் பிறக்கின்றன. சட்லெஜ் திபெத்திலிருந்து வருகிறது. ஆக, ஆறு ஆறுகளும் நம் நாட்டைத் தொட்டுவிட்டுத்தான் கீழே போகின்றன. சரக்கு நம் கிட்டங்கி வாசல் வழியாகப் போகிறது, தின்பவர் கீழே இருக்கிறார்.

வெள்ளைக்காரர் காலத்தில் பஞ்சாப் ஒரே மாகாணம். 1859லேயே ராவி ஆற்றிலிருந்து பெரிய கால்வாய் வெட்டினார்கள். அதற்குப் பிறகு எண்பது வருட காலம் கால்வாய்க்கு மேல் கால்வாயாக வெட்டி, காடாகக் கிடந்த நிலத்தைக் கோதுமையும் பருத்தியும் விளைகிற பூமியாக்கினார்கள். உலகத்திலேயே பெரிய பாசனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 1947 ஆகஸ்டில் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வக்கீல் சில வாரங்களில் எல்லைக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். கோடு போட்ட பிறகு பார்த்தால், ராவி ஆற்றில் மாதோபூர் தலைமதகும், சட்லெஜ் ஆற்றில் பெரோஸ்பூர் தலைமதகும் இந்தியாவில் இருந்தன. அவற்றிலிருந்து புறப்பட்ட கால்வாய்களில் ஒரு பகுதி பாகிஸ்தானில் இருந்தது. கல்லாப்பெட்டி ஒரு தம்பியிடமும் சாவி மற்றவரிடமும் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

1948 ஏப்ரல் 1

அப்போதைக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1947 டிசம்பர் 20ல் கையெழுத்தான அந்த ஏற்பாட்டின்படி, பழைய அளவிலேயே தண்ணீர் விடவேண்டியது. கெடு 1948 மார்ச் 31. கெடுவைப் புதுப்பித்துக்கொள்ள யாரும் முந்திக்கொள்ளவில்லை. கெடு முடிந்த மறுநாள், ஏப்ரல் 1ந் தேதி, கிழக்குப் பஞ்சாப் அரசு மதகுகளை இறக்கிவிட்டது. லாகூர்ப் பக்கத்துக் கால்வாய்களும் தீபால்பூர்க் கால்வாயும் வறண்டன. அது கரீப் விதைப்பு துவங்குகிற மாதம். சுமார் ஒரு மாத காலம் தண்ணீர் இல்லை.

நம் தரப்புக்கும் நியாயம் இருந்தது. கிழக்குப் பஞ்சாபிலும் காய்ந்த நிலம் ஏராளம். அகதிகளாக வந்த லட்சக்கணக்கான விவசாயிகளுக்கு நிலமும் தண்ணீரும் வேண்டும். பத்திரம் காலாவதியான பிறகு சரக்கு அனுப்ப என்ன கடமை என்று கேட்பதும் வியாபார வழக்கத்துக்கு விரோதமில்லை. ஆனால் எதிர்த்தரப்பு மனத்தில் அந்த ஒரு மாதம் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. பிற்காலத்தில் எந்த அணையின் பேச்சு எடுத்தாலும் அவர்கள் முதலில் சொல்வது 1948ஐத்தான்.

1948 மே 4ல் டில்லியில் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாடு செய்தார்கள். தண்ணீர் மறுபடி ஓடியது. அதிலே ஓர் அம்சம் நம்மவர்கள் ரசிக்கக்கூடியது. தண்ணீருக்குப் பாகிஸ்தான் கொடுக்கவேண்டிய தொகையில் தகராறு இருந்தது. ஒப்புக்கொண்ட பாக்கியைக் கொடுத்துவிட்டு, தகராறான தொகைக்கு இந்தியப் பிரதமர் குறிப்பிடும் ஒரு மதிப்பை நம் ரிசர்வ் வங்கியில் கட்டிவைப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். சண்டை உள்ள பட்டியல் தொகையை மூன்றாம் மனிதரிடம் கட்டிவைத்துவிட்டு சரக்கைத் தடையில்லாமல் நகர விடுவது நம் மண்டிகளிலும் உள்ள பழக்கம்தான். இங்கே மூன்றாம் மனிதர் நம் வங்கியாகவே இருந்ததுதான் அவர்களுக்கு உறுத்தியிருக்கவேண்டும்.

ஆற்றைப் பிரித்த பத்திரம்

1951ல் டேவிட் லிலியந்தால் என்ற அமெரிக்கர் இரு நாடுகளையும் சுற்றிப் பார்த்தார். அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு அணைகளை நிர்வகித்த அனுபவசாலி. இந்த ஆறுகளை ஒரே அமைப்பாக இருவரும் சேர்ந்து நடத்தவேண்டும், உலக வங்கி பணம் போடவேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். வங்கியின் தலைவர் யூஜின் பிளாக் அதைப் பிடித்துக்கொண்டு இரு பிரதமர்களுக்கும் கடிதம் எழுதினார். 1952ல் வாஷிங்டனில் பேச்சு துவங்கியது.

சேர்ந்து நடத்துகிற யோசனை எடுபடவில்லை. எப்படி எடுபடும்? ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாதபோது கூட்டுக் கணக்கு எழுத முடியுமா? ஒரே கல்லாவில் இரண்டு பேர் கைவைக்கிற கடை எத்தனை நாள் நடக்கும் என்பது நமக்குத் தெரியும். 1954 பிப்ரவரியில் வங்கி தன் யோசனையை மாற்றியது. தண்ணீரைப் பங்குபோட வேண்டாம், ஆறுகளையே பங்குபோட்டுவிடுங்கள் என்றது. கிழக்கே உள்ள ராவி, பியாஸ், சட்லெஜ் மூன்றும் இந்தியாவுக்கு. மேற்கே உள்ள சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் பாகிஸ்தானுக்கு. இதையே அடிப்படையாக வைத்து மேலும் ஆறு வருடம் பேசி, 1960 செப்டம்பர் 19ல் கராச்சியில் நேருவும் அயூப்கானும் கையெழுத்திட்டார்கள். வங்கியின் சார்பில் இலிஃப் என்பவர் கையெழுத்திட்டார்.

அளவைப் பார்ப்போம். கிழக்கு ஆறுகள் மூன்றிலும் வருடத்துக்குச் சராசரியாக 3 கோடியே 30 லட்சம் ஏக்கர் அடி தண்ணீர் ஓடுகிறது. மேற்கு ஆறுகளில் 13 கோடியே 50 லட்சம். நமக்குப் பழக்கமான கணக்கில் சொன்னால், கிழக்கு ஆறுகள் சுமார் 1,440 டி.எம்.சி.; மேற்கு ஆறுகள் சுமார் 5,880 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகவே நமக்கு வந்தது பதினைந்து மேட்டூர் அணை, அவர்களுக்குப் போனது அறுபத்து மூன்று மேட்டூர் அணை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் நான்கு பங்கு அவர்களுக்கு.

அது மட்டுமல்ல. கிழக்கு ஆறுகளை நம்பியிருந்த பாகிஸ்தான் நிலங்களுக்கு மேற்கு ஆறுகளிலிருந்து தண்ணீர் கொண்டுபோக புதுக் கால்வாய்கள் வெட்டவேண்டும். அந்தச் செலவில் இந்தியாவின் பங்காக 6 கோடியே 20 லட்சத்து 60 ஆயிரம் பவுன், அன்றைய மதிப்பில் சுமார் 83 கோடி ரூபாய், பத்துச் சம தவணைகளில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டோம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மேற்கு ஜெர்மனி ஆகியவையும் பணம் போட்டன. மொத்த நிதி 90 கோடி டாலருக்கு நெருக்கம். ஜீலம் ஆற்றில் மங்களா அணையும், சிந்துவில் தார்பேலா அணையும், பெரிய பெரிய இணைப்புக் கால்வாய்களும் அப்படி எழுந்தவை. 1970 மார்ச் 31 வரை மாற்றுக் காலம். அதுவரை நாம் கிழக்கு ஆறுகளிலிருந்தும் குறிப்பிட்ட அளவு விட்டுவந்தோம். 1965ல் சண்டை நடந்த ஆண்டிலும் தவணை நிற்கவில்லை.

லோக்சபாவில் அன்றைக்கே கேள்வி எழுந்தது. எண்பது சதவீதத் தண்ணீரையும் கொடுத்து, மேலே 83 கோடியும் கொடுப்பதா என்று கேட்டார்கள். சமாதானத்தை விலைக்கு வாங்கினோம் என்ற பொருள்பட நேரு பதில் சொன்னார். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், விலை கூடுதல்தான். ஆனால் வாங்கிய சரக்கு மோசமில்லை. மூன்று ஆறுகள் நம் முழுச் சொந்தமாயின. பக்ரா, பியாஸ் ஆற்றின் பாங் அணை, ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போன இந்திரா காந்தி கால்வாய் எல்லாம் யாரையும் கேட்காமல் அந்தப் பங்கின் மேல் நின்று கட்டியவை. பஞ்சாப், ஹரியானா கோதுமை ரேஷன் கடை வழியாக நம் ஊர் வரைக்கும் வந்தது அந்த வரப்பிரசாதத்தால்தான். பாகிஸ்தானிலும், மூன்று ஆறுகளைத் தாரைவார்த்துவிட்டார் அயூப்கான் என்று ஏசுகிறவர்கள் உண்டு. பாகப்பிரிவினை முடிந்த அன்றைக்கு இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு இருந்தால், மத்தியஸ்தர் ஓரளவு நியாயமாகத்தான் பிரித்திருக்கிறார் என்று எங்கள் பெரியவர் சொல்வார்.

எவ்வளவு என்பதும் எப்போது என்பதும்

பத்திரம் அத்தோடு முடிந்திருந்தால் இன்றைக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. மேற்கு ஆறுகள் காஷ்மீர், இமாசலம் வழியாக ஓடுவதால் அங்குள்ள மக்களுக்கும் சில உரிமைகள் கொடுத்தார்கள். குடிக்க, குறிப்பிட்ட அளவு பாசனத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஓடுகிற நீரில் மின்சாரம் எடுத்துக்கொண்டு தண்ணீரைத் திரும்ப ஆற்றிலேயே விடலாம். எல்லாமாகச் சேர்த்து 36 லட்சம் ஏக்கர் அடி, அதாவது ஒன்றரை மேட்டூருக்குச் சற்று அதிகமாக, தேக்கிவைக்கலாம். அதையும் இன்ன ஆற்றில் இன்ன காரியத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருக்கிறது. மின் நிலைய அணையில் எவ்வளவு நீர் நிறுத்தலாம், மதகு எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதற்கெல்லாம் பக்கம் பக்கமாக இணைப்புகள் எழுதியிருக்கிறார்கள். சண்டை முழுவதும் இந்த இணைப்புகளில்தான் முளைத்தது.

மின்சாரம் எடுத்துவிட்டுத் தண்ணீரைத் திரும்ப விட்டுவிடுகிறோமே, ஒரு சொட்டும் குறையவில்லையே, பிறகு அவர்களுக்கு என்ன ஆட்சேபம் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு பேட்டைக்கு நாளொன்றுக்கு 10 லாரி வெங்காயம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் எண்ணினால் 300 லாரி. தீபாவளிக்கு முந்திய ஏழு நாள் ஒரு லாரியும் வராமல், தீபாவளி கழிந்த மறுநாள் 70 லாரி சேர்ந்தாற்போல் வந்து நின்றால்? மாதக் கடைசியில் அதே 300 லாரிதான். அனுப்பியவர் பேரேட்டில் குறை காட்ட முடியாது. ஆனால் வாங்கியவர் இரண்டு முறை செத்துவிடுவார். விற்கிற நாளில் சரக்கில்லை. சரக்கு வந்த நாளில் அழுகல். விதைப்பு நாளில் வராத தண்ணீரும், அறுப்பு நாளில் வருகிற வெள்ளமும் அதே கதைதான். நம் காவிரியிலேயே பாருங்கள். 2018 பிப்ரவரி 16ல் சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த மொத்தத் தொகையைப் பற்றியா ஒவ்வொரு வருடமும் மல்லுக்கட்டுகிறோம்? ஜூன் மாதத்து 9.19 டி.எம்.சி., ஜூலை மாதத்து 31.24 டி.எம்.சி. வந்ததா என்பதில்தானே? குறுவைக்கு ஜூலைத் தண்ணீர் வேண்டும். நவம்பரில் வெள்ளமாக வந்து கணக்கை நேர்செய்வதால் என்ன பயன்?

ஆகவே, பாகிஸ்தான் அஞ்சுவது சாவியை. மதகு தாழ்வாக இருந்தால் மேலே இருப்பவர் அணையை அடிவரைக்கும் காலி செய்யலாம், பிறகு நிரப்புவதற்காகச் சில நாள் ஆற்றை நிறுத்தலாம். இந்தியா சொல்வது வண்டலை. இமயமலை ஆறுகள் மண்ணையும் கல்லையும் அடித்துக்கொண்டு வருகின்றன; தாழ்வான மதகு வழியாக அதைத் தள்ளிவிடாவிட்டால் அணை மண்மேடாகிவிடும். இரண்டும் உண்மையே. செனாப் ஆற்றில் சலால் அணைக்காக 1978ல் ஓர் உடன்பாடு செய்தபோது, பாகிஸ்தான் திருப்திக்காக அடிமதகுகளைக் கட்டி, அப்புறம் நிரந்தரமாக அடைத்துவிட இந்தியா சம்மதித்தது. விளைவு, சில வருடங்களிலேயே நீர்த்தேக்கத்தில் பெரும்பகுதி வண்டல் நிரம்பிவிட்டது. நல்ல மனதோடு விட்டுக்கொடுத்ததற்கு நாம் கொடுத்த விலை அது.

அதனால்தான் அதே செனாப்பில் பாக்லிஹார் அணை கட்டும்போது இந்தியா இறங்கி வரவில்லை. வழக்கு உலக வங்கி நியமித்த நடுநிலை நிபுணரிடம் போனது. ரேமண்ட் லஃபித் என்ற சுவிஸ் பொறியாளர், 2007 பிப்ரவரி 12ல் தீர்ப்புச் சொன்னார். அணையின் உயரத்தில் ஒன்றரை மீட்டர் குறைக்கச் சொன்னார். மின்சாரத் தேவைக்காக ஏற்றி இறக்கும் நீரை 3 கோடியே 75 லட்சம் கன மீட்டரிலிருந்து 3 கோடியே 25 லட்சம் கன மீட்டர் அளவுக்கு இறக்கச் சொன்னார். ஆனால் வண்டல் தள்ளுவதற்கான மதகுகள் இருக்கலாம் என்று நமக்குச் சாதகமாக முடிவு சொன்னார். இரு நாடுகளும் ஏற்றுக்கொண்டன.

அடுத்த வருடமே, 2008 ஆகஸ்டில், அணையை முதல் முறை நிரப்பினார்கள். நிரப்புகிற காலத்தில் எல்லைக்கு அப்பால் மராலா தலைமதகில் வினாடிக்கு 55,000 கன அடிக்குக் குறையக்கூடாது என்பது பத்திரத்தில் உள்ள விதி. குறைந்துவிட்டது என்று பாகிஸ்தான் புகார் செய்தது. அவர்கள் பக்கம் நெற்பயிர் நிற்கிற நேரம். இரண்டு நாட்டு ஆணையர்களும் மாறி மாறிப் பார்த்துப் பேசி, 2010ல் அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள். இதுபோல ஜீலத்தின் கிளையான கிஷன்கங்கா வழக்கு வெளிநாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2013 டிசம்பரில் முடிந்தது. தண்ணீரைத் திருப்பி மின்சாரம் எடுத்துக்கொள், ஆனால் பழைய ஆற்றில் வினாடிக்கு 9 கன மீட்டராவது எப்போதும் ஓடவேண்டும் என்றார்கள்.

ஆணையர்கள் என்றேன் அல்லவா? பத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது. நிரந்தர சிந்து ஆணையம் என்று பெயர். ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர். வருடத்துக்கு ஒரு தரமாவது கூடியாகவேண்டும். ஆறுகளில் அன்றாடம் ஓடிய நீரின் கணக்கை மாதாமாதம் ஒருவருக்கொருவர் கொடுக்கவேண்டும். புது அணை கட்டுவதானால் முன்கூட்டித் தகவல் தரவேண்டும். பற்று வரவு சரிபார்த்துக் கையெழுத்து வாங்குகிற மாதிரி. 1965, 1971, 1999 என்று மூன்று சண்டைகளுக்கு இடையிலும் அந்தப் பத்திரம் கிழியாமல் நின்றதற்கு ஆற்றைத் தனித்தனியாகப் பிரித்தது பாதிக் காரணம் என்றால், இந்தக் கணக்குப் பார்க்கிற வழக்கம் மீதிப் பாதி.

2025

2022 மே மாதக் கடைசியில் டில்லியில் கூடிய 118வது கூட்டத்துக்குப் பிறகு ஆணையம் கூடுவது நின்றுபோனது. கிஷன்கங்கா, செனாப்பின் ராத்லே மின் திட்டங்களைப் பற்றி ஒரே தகராறை இரண்டு இடத்தில், நடுநிலை நிபுணரிடமும் நடுவர் மன்றத்திலும், விசாரிக்க வங்கி 2022ல் ஏற்பாடு செய்தது. ஒரே கடனுக்கு இரண்டு கோர்ட்டில் பிராது என்றால் யார் ஒப்புவார்கள்? இந்தியா நிபுணரிடம் போனது. நடுவர் மன்றத்தைப் புறக்கணித்தது. 2023 ஜனவரியிலும் 2024லும், ஒப்பந்தத்தையே திருத்தவேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தது. மக்கள் தொகை பெருகிவிட்டது, மின்சாரத் தேவை மாறிவிட்டது, எல்லை தாண்டிய பயங்கரவாதம் நிற்கவில்லை என்பவை சொன்ன காரணங்கள்.

2025 ஏப்ரல் 22ல் காஷ்மீரில் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். உல்லாசப் பயணம் போனவர்களைப் பெயர் கேட்டுச் சுட்ட அந்த ஈனச் செயலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மறுநாளே இந்தியா, எல்லை தாண்டிய பயங்கரவாதத்துக்கு ஆதரவு தருவதைப் பாகிஸ்தான் நம்பத்தகுந்த முறையில் அடியோடு கைவிடும்வரை ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ரத்து என்று சொல்லவில்லை, நிறுத்திவைப்பு. ஒருதலையாக விலகிக்கொள்ளப் பத்திரத்தில் வழி இல்லை என்பது பாகிஸ்தானின் வாதம். நடுவர் மன்றம் 2025 ஜூன், ஆகஸ்ட் மாதங்களில் சொன்ன தீர்ப்புகளை, அந்த மன்றமே செல்லாது என்று கூறி இந்தியா நிராகரித்தது. காவிரியில் தீர்ப்பை அமல்படுத்த ஒரு சுப்ரீம் கோர்ட்டும் ஆணையமும் உண்டு. நாடுகளுக்கு இடையே டிக்ரி கிடைத்தாலும் ஜப்தி செய்ய அமீனா கிடையாது.

நம் வியாபாரத்தையும் அது தொட்டது. அட்டாரி எல்லை மூடப்பட்டது. மே 2ந் தேதி அறிவிப்பால் பாகிஸ்தான் சரக்கு, மூன்றாவது நாடு வழியாக வருவது உட்பட, முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. 2019 பிப்ரவரியில் 200 சதவீத வரி போட்டபோதே அங்கிருந்து வந்த உலர்ந்த பேரீச்சை குறைந்துவிட்டிருந்தது. இந்தத் தடவை இந்துப்பு நின்றது. நம் நாட்டு மருந்துக் கடைகளும் மளிகைக் கடைகளும் விற்கிற அந்தப் பாறை உப்பு, ஜீலத்துக்கும் சிந்துவுக்கும் இடையே உள்ள உப்பு மலையில், கேவ்ராச் சுரங்கம் போன்ற இடங்களில் வெட்டி எடுப்பது. அதன் வடமொழிப் பெயரான சைந்தவம் என்பதே சிந்துவிலிருந்து வந்ததுதான். வட இந்திய மண்டிகளில் விலை உடனே ஏறியது.

நிற்க. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். குழாயை மூட முடியுமா? மூடினால் தண்ணீரை எங்கே வைப்பது? வருடத்துக்கு அறுபத்து மூன்று மேட்டூர் அளவு தண்ணீர். பாக்லிஹாரில் ஏற்றி இறக்கக்கூடிய அந்த நீர் சுமார் 1.15 டி.எம்.சி., மேட்டூரில் எண்பதில் ஒரு பங்கு. கோடையில் பனி உருகி செனாப்பில் 55,000 கன அடி ஓடுகிறபோது ஆறு மணி நேரத்துக்குள் அது நிரம்பிவிடும். ஆகவே அடைப்பது என்ற பேச்சு வெள்ளக் காலத்தில் வெறும் பேச்சு. தேக்க இடம் வேண்டுமானால் புது அணைகளும் மலையைக் குடைந்து கால்வாய்களும் வேண்டும். வருடக் கணக்கில் ஆகும், பணமும் பெரும் பணம். ஆனால் குளிர்கால வற்று நாளிலோ விதைப்புத் தொடக்கத்திலோ, ஓரிரு நாள் ஆற்றை நிறுத்தவும் பிறகு சேர்த்து விடவும் அந்தச் சின்ன இடமே போதும். 2025 மே முதல் வாரத்தில் பாக்லிஹார், சலால் அணைகளில் வண்டல் தள்ளும் வேலை நடந்ததாகச் செய்தி வந்தது. மராலாவில் செனாப் நீர் திடீரென்று இறங்கியதாகப் பாகிஸ்தான் அதிகாரிகள் சொன்னதும் அதே நாட்களில்தான். கரீப் விதைப்பு வேளை. மொத்தக் கணக்கில் அது ஒரு துளி. நாள் கணக்கில் அது பெரிய விஷயம்.

தேக்க இடம் இல்லாத நிலையில் ஒப்பந்தம் நின்றதால் உடனே மாறியது எது என்றால், தகவல்தான். இவ்வளவு வருகிறது, இன்று மதகு திறக்கிறோம், அணையில் வேலை செய்கிறோம் என்று சொல்கிற கடமை இல்லாமல் போனது. பாக்கி வைத்த பார்ட்டிக்குச் சரக்கை நிறுத்தலாம், நானும் நிறுத்தியிருக்கிறேன். கணக்குச் சீட்டு அனுப்புவதை நிறுத்தினதில்லை. பயங்கரவாதிக்குப் பாடம் கற்பிக்க எத்தனையோ வழி உண்டு. வெள்ளத் தகவல் போகாவிட்டால் சாகிறவன் வயலில் நிற்கிற குடியானவன், அவனுக்கும் பஹல்காமுக்கும் சம்பந்தமில்லை. இது என் சொந்த அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் இதே பத்திரிகையில் எழுதலாம்.

வேறொரு காரணமும் உண்டு. நமக்கு மேலேயும் ஒரு கிட்டங்கி இருக்கிறது. சிந்துவும் சட்லெஜும் பிரம்மபுத்திராவும் திபெத்தில் பிறக்கின்றன. சீனாவோடு நமக்குத் தண்ணீர் பங்கீட்டு ஒப்பந்தம் எதுவும் கிடையாது; வெள்ளக் காலத்தில் நீர்மட்டத் தகவல் தருவதற்கான உடன்பாடுகள்தான் செய்திருந்தோம். 2017ல் டோக்லாம் தகராறின்போது அந்தத் தகவல் வரவில்லை. அசாமில் இருப்பவர்களுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்? 2025 ஜூலையில் பிரம்மபுத்திராவின் மேல்பகுதியில் உலகிலேயே பெரிய மின் திட்டத்தைச் சீனா துவக்கியது. அங்கே கீழே இருக்கிற குடித்தனக்காரர் நாம்.

கிழக்கே வங்காளதேசத்தோடு 1996 டிசம்பர் 12ல் செய்த கங்கை ஒப்பந்தம் வேறு மாதிரி. அது 30 வருடத்துக்கானது. அங்கே ஆறு ஒன்றுதான், பிரிக்க முடியாது. எனவே பராக்கா கதவணையில் ஜனவரி முதல் மே வரை பத்து நாளுக்கு ஒரு தரம் அளந்து, வினாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் கீழோ வந்தால் ஆளுக்குப் பாதி என்று வைத்தார்கள். எங்கும் தகராறு வராமல் இல்லை. ஆனால் மொத்தத் தொகையை விட்டுவிட்டுப் பத்து நாள் தவணையாகக் கணக்கிட்டதை, எழுதியவர் யாரோ வியாபாரம் தெரிந்தவர் என்று எண்ணிக்கொள்வேன்.

2025 ஆகஸ்டில் இரு பஞ்சாபிலும் பெருவெள்ளம். ராவி, சட்லெஜ், பியாஸ் எல்லாம் கரை புரண்டன. 1948ல் எந்த மதகை இறக்கிச் சண்டை துவங்கியதோ, அந்த மாதோபூர் கதவணையின் மதகுகள் சில வெள்ளத்தில் உடைந்தே போயின. எல்லைக்கு இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும் முழுகின. ஆகஸ்ட் 24ந் தேதி தாவி ஆற்றில் வெள்ளம் ஏறுவதை இந்தியா பாகிஸ்தானுக்கு முன்கூட்டியே தெரிவித்தது. ஆணையம் வழியாக அல்ல. மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி, தூதரகம் வழியாக. அந்தத் தகவலைக் கொண்டு அங்கே கரையோர மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள்.